பூஞ்சை பிடித்த பங்க் இசைத்தட்டு

ஜெர்மனியின் நொய்வீட் ஊர்ப் பங்க் ராக் இசைக்குழு டாக்ஸோபிளாஸ்மாவின் 1983 எல்பி இசைத்தட்டு, பெர்லின் மவுவர்பார்க் ஞாயிறு சந்தையில் கிடைத்தது. ஓட்டினால் கித்தாரை மிஞ்சும் கரகரப்பு. (ஹார்ட்கோர் என்னும் வேகமான, முரட்டு பங்க் இசையில் இந்தக் கரகரப்பைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு!) வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களுக்குள் சாம்பல் நிறப் பூஞ்சை.

சுத்தம் செய்ய, காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பெர்லின் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் சுண்ணாம்பு படியும். நடு லேபிள் நனையாமல், மைக்ரோஃபைபர் துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தேன். அப்புறம் வெறும் வடிநீரில் ஒரு தடவை. காய்ந்தபின் ஓட்டினால் ஊசி நுனியில் அழுக்கு பஞ்சாகத் திரண்டது. அதை எடுத்ததும் சத்தம் சுத்தம். தட்டை வைத்திருந்த பழைய உள்ளுறை குப்பைக்குப் போனது, பூஞ்சை அதில் ஒட்டியிருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று (ஆர்பிஎம்) சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டுக்கு மட்டும் ஆல்கஹால் ஆகவே ஆகாது.