எச்-1பி வேலை பறிபோனால்: 60 நாள்களுக்குள் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிபவர் வேலையை இழந்தால், அவருக்கும் அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் குடும்பத்தினருக்கும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்பதைக் காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவிலுள்ள தேதி அதற்கு முன்பே முடிவதாக இருந்தால், அவகாசமும் அத்துடன் முடிந்துவிடும். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தச் சலுகையைக் குறைக்கும் அதிகாரம் குடிவரவுத் துறைக்கு இருப்பதால், கடைசி வாரம்வரை காத்திருப்பது ஆபத்தானது. கடவுச்சீட்டில் ஒட்டியுள்ள விசாவின் தேதியை வைத்துக் கணக்கிட வேண்டாம்; ஐ-94 தேதியையே பாருங்கள். அமெரிக்காவில் இருந்தபடியே தங்கும் அனுமதியை நீட்டித்தவர்களுக்கு அந்தத் தேதி, குடிவரவுத் துறை அனுப்பும் ஐ-797 ஒப்புதல் கடிதத்தின் அடிப்பகுதியில் இருக்கும்.

பலரும் தவறவிடுவது முதல் நாள் எது என்பதைத்தான். வேலை முடிந்த மறுநாளிலிருந்து, அதாவது பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளுக்கு அடுத்த நாளிலிருந்து, கணக்கு தொடங்குகிறது. நிறுவனம் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை இழப்பீடாகத் தந்தாலும் அவகாசம் அதனால் நீளாது. ஆகவே கடைசிப் பணிநாளை மனிதவளப் பிரிவிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்கி, அண்மைய சம்பளச் சீட்டுகளோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த மனுவுக்கு இவை தேவைப்படும்.

புதிய வேலை கிடைத்தால் வழி எளிது. புதிய நிறுவனம் உங்களுக்காக அளிக்கும் எச்-1பி மனு (ஐ-129) அவகாசத்துக்குள் குடிவரவுத் துறையைச் சென்றடைந்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கலாம். எச்-1பிக்கான ஆண்டுக் குலுக்கலில் மீண்டும் கலந்துகொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் மனுவுக்கு முன் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும், அதற்கே ஏழு வேலைநாள்கள் ஆகலாம். வழக்கறிஞரின் வேலைக்கும் நாள் ஒதுக்கிப் பார்த்தால், 40ஆம் நாளுக்குள் ஆஃபர் லெட்டர் கையில் இருப்பதே பாதுகாப்பு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1 லட்சம் டாலர் கட்டணம், உள்நாட்டில் முறையான நிலையில் இருந்துகொண்டு நிறுவனம் மாறுபவருக்குப் பொருந்தாது. முறையான தங்கல் நிலையை இழந்தவருக்குப் பொருந்தக்கூடும்.

வேலை கிடைக்காவிட்டால், அவகாசம் முடியுமுன் ஐ-539 விண்ணப்பத்தின் மூலம் வேறு விசா நிலைக்கு மாறக் கோரலாம். கணவரோ மனைவியோ எச்-1பியில் இருந்தால் எச்-4 தான் சிறந்த தேர்வு. இல்லையேல் பலர் பி-2 பார்வையாளர் நிலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். உரிய காலத்தில் அளித்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தங்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. 60 நாள் கடந்தபின் புதிய நிறுவனம் மனு போட்டால் உடனே பணியில் சேர முடியாது. அந்த மனு முடிவாகுமுன் பி-2 விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், எச்-1பி மனு ஏற்கப்பட்டாலும் நாட்டைவிட்டு வெளியேறித் திரும்ப வேண்டிவரும். இந்த வழியில் செல்பவர்கள் சொந்தமாக ஒரு குடிவரவு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவே பேசுவார்.

கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்கள், அவர்களுக்காக நிறுவனம் அளித்த கிரீன் கார்டு மனுவுக்கு (ஐ-140) ஒப்புதல் கிடைத்து 180 நாள் ஆகியிருந்தால், முன்னாள் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாகத் வரிசையில் தங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியை இழப்பதில்லை.

எதுவும் கைகூடாவிட்டால் காலத்தோடு புறப்படுவதே நல்லது, ஏனெனில் சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டினால் மூன்றாண்டும், ஓராண்டை எட்டினால் பத்தாண்டும் நுழைவுத் தடை வரும். நிறுவனமே பணிநீக்கம் செய்திருந்தால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அது ஏற்க வேண்டும் என்பது விதி. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.