படம் ஓடினால் பாடம் நடந்துவிடாது

போன மாதம், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினார். திரையை அவர் கையாண்ட லாவகத்துக்கு எங்களைப் போன்ற பழைய ஆட்கள் நூற்றுக்கு நூறு கொடுத்துவிடலாம். வண்ண வண்ண எழுத்துகள், துள்ளிக் குதிக்கும் முயல், நடுநடுவே கைதட்டல் ஓசை. எல்லோரும் ரசித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அவர் செய்த ஒவ்வொன்றும் நான் முன்பே செய்து கையைச் சுட்டுக்கொண்டது.

சார்ஜ் போடாமல் வகுப்புக்குப் போவது, ஒலிபெருக்கியின் ஒயரை வீட்டில் மறந்துவிட்டு வருவது, கடவுச்சொல்லை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகள் முன்னால் இரண்டு முறை அசடு வழிந்தால் அவை தாமாகவே சரியாகிவிடும். நான் சொல்ல வருவது, தவறு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பவற்றை.

படத்தை ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்வது

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் என்னிடம். மற்ற இரண்டும் தலைமையாசிரியரிடம். திறன்மிகு வகுப்பறைக்கான திரை வந்து இறங்கிய அன்று, மூன்றாவதாக ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். எழுத்துப் பாடலை ஓடவிட்டால் 20 நிமிடத்துக்குப் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். அதற்குள் வருகைப் பதிவு, பள்ளி விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, காலை உணவுக் கணக்கு எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகளோ திரையோடு சேர்ந்து தொண்டை கிழியப் பாடினார்கள். பட்டம், வட்டம், சட்டம் என்று ஒருவன்கூடப் பிசகவில்லை. நானும் பூரித்துப்போனேன்.

ஒருநாள் பாதியில் மின்சாரம் போனது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் ‘பட்டம்’ என்று எழுதி, படிக்கச் சொன்னேன். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அருகில் அழைத்துப் பாடநூலை விரித்தேன். காற்றாடிப் படத்துக்குக் கீழே அதே சொல். ‘பட்டம்’ என்று பட்டென்று சொன்னான். என் உள்ளங்கையால் படத்தை மூடிவிட்டு, இப்போது படி என்றேன். அவன் என் புறங்கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். ‘கையை எடுங்கள் டீச்சர்’ என்றான்.

அவன் இத்தனை மாதமும் படித்தது காற்றாடியைத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நம் எழுத்தையே பார்க்கலாம். 247 எழுத்துகளையும் உருப்போடத் தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்யும், அவை சேரும்போது ஒட்டிக்கொள்ளும் குறிகளும் பிடிபட்டால் போதும், மீதி தானே வரும். ஆனால் அந்தக் குறிகள் இருக்கும் இடம்தான் பிள்ளையைத் திணறடிக்கும். ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலிக்கத் தொடங்கும் ககரமோ நடுவில். பலகையில் நான் எழுதும்போது முதலில் கொம்பு சுழியும், பிறகு க வரும், கடைசியில் கால் இறங்கும். பிள்ளையின் கண் என் கையோடு கூடவே நகரும். காணொளியில் ‘கொ’ முழு உருவமாகக் குதித்து வருகிறது. முயலைப் போலவே அதுவும் ஒரு படம். அதனால்தான் அந்த ஆண்டு என் வகுப்பில் ‘கொடி’யை ‘கெரடி’ என்று படித்தவர்கள் இருந்தார்கள். காலை ரகரமாக எண்ணிக்கொண்டார்கள். ‘கௌ’வில் வரும் குறியும் ளகரமும் ஒரே மாதிரி இருப்பதால் நேரும் குழப்பம் பெரியவர்களுக்கே இன்னும் தீரவில்லை, பிள்ளைகளை என்ன சொல்வது!

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இன்றுவரை மனம் ஆறவில்லை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, வகுப்பறைச் சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். தரையில் உட்கார்ந்தபடியே ஆளுக்கொரு கட்டத்தில் எழுதுவார்கள். எட்டிப் பார்த்தாலே யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடும். திரை வந்த பிறகு சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தாய், ‘அப்புறம் பிள்ளைகள் எங்கே டீச்சர் எழுதுவார்கள்?’ என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

விலை என்னவென்றால், அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த 9 பேரில் 5 பேர் மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்டிப் படிக்கத் தடுமாறினார்கள். தினமும் முதல் மணிக்கு முன் அரை மணி நேரம் அவர்களை உட்காரவைத்து, மணலில் விரலால் எழுதவைத்து மீட்க ஓராண்டு பிடித்தது. அதற்கிடையில், படம் ஓடும் வகுப்பின் புகைப்படத்தை அனுப்பியதற்குப் பாராட்டு வேறு வந்தது. அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

திரையை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. இப்போது முதலில் பலகையில் எழுதி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அதற்குப் பிறகே காணொளி. அதையும் 3 நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்துவேன். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுவேன். குரல் பிள்ளைகளுடையது. யார் வாயசைக்கிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்க்கிறார்கள் என்று ஒலி இல்லாதபோதுதான் புரிகிறது. எமிஸ் பதிவு மாலைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லை.

பிள்ளைக்குப் பதிலாக நம் விரல்

2022இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்தோம். மதிப்பீடு செயலியில். பிள்ளை தயங்குகிறது, மணி ஆகிறது, அடுத்த பிள்ளை காத்திருக்கிறது. நம் விரல் தானாகச் சரியான விடையின் பக்கம் போய்விடும். இரக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரும்பில் நிற்க வேண்டிய பிள்ளை மலருக்கான பயிற்சியை மடியில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது அந்த இரக்கம் யாருக்கு உதவியது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான் அப்படித்தான் நிற்கிறேன்.

வகுப்பில் நின்று பாடநூலின் க்யூஆர் குறியீட்டோடு மல்லாடுவது

காணொளியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது காலை 6 மணிக்கு அப்பாவோடு கட்டட வேலைக்குப் போகிறது. இரவு அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மறுநாள் ‘ஏன் அனுப்பவில்லை?’ என்று பிள்ளையைக் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. குழுவில் இப்போது விடுமுறை அறிவிப்பும் தடுப்பூசி நாளும் மட்டும்; வீட்டுப்பாடம் பழையபடி நோட்டில்.

பிள்ளைகளின் முகத்தை ஸ்டேட்டஸில் வைப்பது

வேண்டாம்.

பேசினால் எழுதும் வசதியை ஏமாற்றுவேலை என்று ஒதுக்குவது

இதில் நான் எதிர்த்திசையில் தவறினேன். கைப்பேசியிடம் பேசினால் அது தமிழில் எழுதிக் காட்டும் என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னபோது, எழுதச் சோம்பல் படுகிறான் என்று அதட்டிவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ழகரம் நாக்கில் ஏறாது. என் கைப்பேசியை நீட்டி, ‘பழம்’ என்று சொல்லச் சொன்னேன். ‘பலம்’ என்று எழுதியது. வாழைப்பழம் என்று முழுதாகச் சொல்லியிருந்தால் சொற்சேர்க்கையை வைத்துத் தானே திருத்திக்கொண்டிருக்கும். தனிச் சொல்லாகச் சொன்னால்தான் மாட்டிவிடுகிறது. பையன் விடவில்லை. நாக்கை மடித்து, உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க ஏழெட்டு முறை முயன்றான். ‘பழம்’ என்று திரையில் வந்ததும் வகுப்பே ஆர்ப்பரித்தது. நான் வாய் வலிக்கத் திருத்தியும் வராத ழகரம் ஒரே பிற்பகலில் நான்கைந்து பேருக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். ஐயாவும் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ‘மழை’ என்றார். ‘மலை’ என்று எழுதியது. பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். இரண்டாம் முறைதான் அவருக்கு மழை பெய்தது.