நீரியல் மாடலை மதிப்பிடும்போது செய்யும் தவறுகள்: நீலகிரி ஓடைகளை முன்வைத்து

மழையை வைத்து ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடுவது நீரியல் மாடல். நீலகிரி ஓடைகளுக்கு அப்படி மாடல் செய்யும் புதியவர்களின் அறிக்கைகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. அலகு மாற்றியதில் பிசகு, தேதி ஒரு நாள் தள்ளிப்போனது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒற்றை எண்ணை நம்புவது

நாஷும் சட்க்ளிஃபும் 1970-இல் தந்த செயல்திறன் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 1 வந்தால் மாடல் அளவீட்டோடு அப்படியே பொருந்துகிறது. 0 வந்தால், அளந்த ஓட்டத்தின் சராசரியை எல்லா நாளுக்கும் எழுதி வைத்திருந்தாலும் இதே பிழைதான் வந்திருக்கும்.

இந்த எண் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறது. வம்பு அங்கேதான். ஜூலையில் ஓடையில் வினாடிக்கு 200 கனஅடி ஓடுகிறது, மாடல் 180 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிழை 20, வர்க்கம் 400. மார்ச்சில் 2 கனஅடி ஓடும்போது மாடல் 6 என்கிறது. மும்மடங்கு தப்பு, ஆனால் வர்க்கம் 16 தான். அப்படி 25 நாள் தப்பாகச் சொன்னாலும் ஜூலையின் ஒரு நாள் பிழைக்குத்தான் சமம். அந்த ஜூலைப் பிழையோ வெறும் பத்து சதவீதம்.

குந்தா பக்கம் ஒரு குடிநீர்த் திட்டம். எண் 0.8-க்கு மேல் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. கோடையிலும் ஓடை தாங்கும் என்று நம்பி மோட்டாரும் குழாயும் போட்டாயிற்று. மார்ச்சில் போய்ப் பார்த்தால் ஃபுட் வால்வு தண்ணீருக்கு மேலே தெரிகிறது, மோட்டார் காற்றை இழுக்கிறது. ஊர்ப் பெண்கள் பழையபடி குடத்தோடு ஊற்றுக்கு நடந்தார்கள். அறிக்கையின் ஹைட்ரோகிராபை, அதாவது நாளுக்கு நாள் ஓட்டத்தைக் காட்டும் வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். செங்குத்து அச்சு 0 முதல் 300 வரை. கோடை முழுக்க, அளந்தது, மாடல் சொன்னது என்ற இரண்டு கோடுகளும் அடியில் ஒட்டிக்கிடந்தன, கச்சிதமாகப் பொருந்துவதுபோல. அச்சை, சின்ன எண்களையும் விரித்துக் காட்டும் லாக் அளவுக்கு மாற்றியதும் மாடலின் கோடு தனியாக மேலே போய் நின்றது. இதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். யாரும் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று, மாடல் யாரோடு போட்டி போடுகிறது என்று பாருங்கள். ஆண்டு முழுவதற்குமான சராசரியோடு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் அவலாஞ்சியில் ஜூலையில் தண்ணீர் அதிகம், மார்ச்சில் குறைவு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுகூடத் தெரியாத எதிராளியை ஜெயித்து என்ன பயன்? முந்தைய ஆண்டுகளின் மாதவாரிச் சராசரியை எதிரே நிறுத்துங்கள். அதை முந்தாத மாடல் காலண்டருக்கு மேல் எதையும் சொல்லவில்லை.

அப்புறம், ஓட்டத்தை லாக் எடுத்து ஒரு முறை, கோடை மாதங்களுக்கு மட்டும் ஒரு முறை எண்ணைக் கணக்கிடுங்கள். 2009-இல் வந்த இன்னொரு மதிப்பீடான கிளிங்–குப்தா எண் ஒட்டுறவு (மாடலும் அளவீடும் சேர்ந்து ஏறி இறங்குவது), ஏற்ற இறக்கம், சராசரி விலகல் மூன்றையும் பிரித்துக் காட்டும், நல்லது. ஆனால் கோடையை அதுவும் தானாகக் காப்பாற்றாது. அதில் 0 எல்லைக்கோடும் அல்ல. சராசரியை மட்டும் எழுதி வைத்தால் அங்கே −0.41 வரும்.

0.5 வந்தால் பாஸ் என்பது

நாஷ்–சட்க்ளிஃப் எண்ணுக்கு 2007-இல் மோரியாசி என்ற ஆய்வாளரின் குழு சொன்ன அந்த வரம்பு மாத ஓட்டத்துக்கானது. தினசரி ஓட்டத்துக்கு அப்படியே ஒட்டாதீர்கள்.

ஒரே மழைமானி

மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையை வாங்குகிறது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. ஊட்டி மானி ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினால், மழையில் விட்ட குறையை, மாடலை அளவீட்டோடு பொருத்த அளவுருக்களைத் திருத்தும் காலிபிரேஷன் மண்ணின் அளவுருக்களில் ஒளித்துவிடும். எண் நன்றாக வரும், காரணம் தப்பாக இருக்கும்.

அளந்த ஓட்டம் எல்லாம் நிஜம் என்பது

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் இறங்கி ஓட்டத்தை அளக்க முடியாது. நீர்மட்டத்தை ஓட்டமாக மாற்றும் ரேட்டிங் கர்வை மேலே நீட்டி எடுத்த எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த உச்சத்தைத் தொடுவதற்காக மாடலை வளைக்காதீர்கள்.

அணைக்குக் கீழே ஒப்பிடுவது

பைக்காராவிலும் குந்தாவிலும் தண்ணீர் மின்நிலையத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. அந்தக் கணக்கைச் சேர்க்காமல் ஒப்பிடாதீர்கள்.

காலிபிரேஷன் செய்த ஆண்டுகளிலேயே சோதிப்பது

கூடாது. மழை மிகுந்த ஆண்டுகளில் பழக்கி, வறண்ட ஆண்டுகளில் சோதியுங்கள். நீரியலாளர் கிளெமெஷ் இதை 1986-இலேயே எழுதிவிட்டார்.