குபெர்நெட்டிஸ் ஆவணத்தில் முதல் திருத்தம்: நான் சிக்கிய இடமும் வெளிவந்த வழியும்

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் ஓப்பன் சோர்ஸில் நிறைய வேலை இருக்கிறது. ஆவணங்களை எழுதலாம், திருத்தலாம். நான் தொடங்கியது, கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருளில். அதன் ஆவணத் தளம் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. உங்களுக்கு கிட்ஹப் கணக்கும் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் போதும்.

1. எதைத் திருத்துவது?

பதிவான குறைகளை கிட்ஹப்பில் 'இஷ்யூ' என்பார்கள். அவற்றில் புதியவர்களுக்கு ஏற்றவற்றை 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிளில் தேடலாம். ஆனால் ஒரு டுடோரியலைத் திறந்து, சொந்தக் கணினியிலேயே குபெர்நெட்டிஸை ஓட்டும் மினிகியூபில் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. எங்கே புரியாமல் நிற்கிறீர்களோ, அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கலாம். அதை அன்றைக்கே குறித்து வையுங்கள். பழகிவிட்டால் அந்தக் குறை கண்ணில் படாது.

2. திருத்துங்கள்

பக்கத்தின் ஓரத்தில் 'எடிட் திஸ் பேஜ்' இருக்கும். முதல் தடவை பிரௌசரிலேயே முடித்துவிடுங்கள். தளத்தை உருவாக்கும் ஹியூகோ என்ற கருவியை நிறுவித் தளத்தைக் கணினியில் ஓட்டுவதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நடையில் சில விதிகள் உண்டு: நிகழ்காலம், செய்வினை, வாசகரை நேராக 'நீங்கள்' என்று அழைப்பது. 'நாம்' வேண்டாம். சீக்கிரம் பழசாகிவிடும் 'தற்போது', 'புதிய' போன்ற சொற்களும் வேண்டாம்.

3. புல் ரிக்வெஸ்ட், சி.எல்.ஏ.

உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட். நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். பங்களிப்பவர்கள் எல்லோரும் சி.எல்.ஏ. என்ற உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் 'சி.என்.சி.எஃப். சி.எல்.ஏ.: நோ' என்ற லேபிள் போகவே இல்லை (சி.என்.சி.எஃப். என்பது குபெர்நெட்டிஸுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு). ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அதில் பிழையில்லை. பிழை என் மடிக்கணினியில் இருந்தது. டெர்மினலில் கமிட் செய்தபோது, அதாவது திருத்தத்தைப் பதிவு செய்தபோது, கிட் என்ற பதிப்புக் கருவியின் அமைப்பில் இருந்த அலுவலக மின்னஞ்சல் கமிட்டில் ஏறிவிட்டது. அந்த முகவரி என் கிட்ஹப் கணக்கில் இல்லை. கமிட் யாருடையது என்று, கையெழுத்தைச் சரிபார்க்கும் ஈசி சி.எல்.ஏ. கருவிக்குத் தெரிய வழியில்லை.

தீர்வு இரண்டு. அந்த முகவரியை கிட்ஹப் கணக்கில் சேர்த்து உறுதிப்படுத்தலாம். அல்லது கிட் அமைப்பில் சொந்த முகவரியைப் போட்டு, கமிட்டை 'அமெண்ட்' செய்யும்போது (திருத்தி எழுதும்போது) ஆசிரியர் பெயரை மாற்றும் 'ரீசெட் ஆதர்' கொடுத்து, ஃபோர்ஸ் புஷ் செய்யலாம், அதாவது பழைய கமிட்டின் மேல் புதியதை ஏற்றலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். சொந்த வேலையில் அலுவலக முகவரி கலக்கவே கூடாது என்பது என் கருத்து. பிறகு புல் ரிக்வெஸ்டில் சாய்கோடு போட்டு 'ஈசிசிஎல்ஏ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பாட் (தானியங்கி நிரல்) மறுபடி சோதிக்கும். லேபிள் 'யெஸ்' ஆகிவிடும்.

பிரௌசரில் திருத்தினால் கமிட் உங்கள் கணக்கின் பெயரிலேயே பதிவாகும், இந்தச் சிக்கல் வராது. அதனால்தான் முதல் தடவைக்கு அதைச் சொன்னேன்.

4. ரிவ்யூ

நெட்லிஃபை என்ற சேவை தரும் முன்னோட்டத்தில் உங்கள் பக்கத்தை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். ரிவ்யூ செய்பவர் 'எல்ஜிடிஎம்' ('லுக்ஸ் குட் டு மீ', எனக்குச் சரியாகத் தெரிகிறது) போட வேண்டும், பொறுப்பாளர் 'அப்ரூவ்' போட வேண்டும். அவர்களில் பலரும் தன்னார்வலர்கள். ஒரு வாரம் ஆனாலும் பொறுத்திருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு முயன்ற இருவருக்கு, கமிட் செய்தி செல்லாது என்று பாட் தடுத்திருக்கிறது. கமிட் செய்தியில் 'ஃபிக்ஸஸ்' என்று இஷ்யூ எண்ணோடு எழுதக் கூடாது, அட் குறி போட்டு யாரையும் அழைக்கவும் கூடாது. இஷ்யூ எண்ணைப் புல் ரிக்வெஸ்டின் விவரத்தில் எழுதுங்கள். திருத்தம் மெர்ஜ் ஆனதும், அதாவது ஆவணத்தில் சேர்ந்ததும், இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும்.