காவிரிக் கரைக் கூடாரத்தில் தங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் கூடாரம், ஏசி, வாசலில் காவிரி. தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ஆற்றிடம்தான். “இங்கே மழையே இல்லையே” என்று இறங்கிவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஓடுவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் மதகு திறந்தால், இங்கே வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் ஏறும். முந்தின நாளும் கிளம்பும் காலையிலும், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று செய்தியில் பாருங்கள். வரத்து ஏறிக்கொண்டே போனால் ஒகேனக்கல்லில் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். அப்போது முகாமுக்கு போன் போட்டுத் தேதியை மாற்றிக்கொள்வதே நல்லது.

தண்ணீர் குறைந்திருக்கும்போது வேறு ஆபத்து. பாறைகளும் மணல்திட்டுகளும் வெளியே தெரியும். முதலைகள் வெயில் காய்வது அங்கேதான். முகாம் ஊழியர் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

இருட்டினால் கரை யானைகளுக்கு. சாப்பாட்டுக் கூடம் ஐம்பது அடிதானே என்று தனியாக நடக்காதீர்கள், ஊழியரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். செல்போன் வெளிச்சம் போதாது, டார்ச் வேண்டும். யானை தெரிந்தால் ஃபிளாஷ், கூச்சல் எதுவும் கூடாது. மெல்லப் பின்வாங்கி வந்த வழியே திரும்புங்கள்.

மாம்பழ சீசனில் பலரும் கூடையோடு போகிறார்கள். தயவுசெய்து அதைக் கூடாரத்தில் வைக்காதீர்கள், காரிலும் வேண்டாம். பழ வாசனைக்கு யானை தேடி வரும். துணியும் கண்ணாடியும் அதற்கு ஒரு தடையே இல்லை. வாழைப்பழம், பலாச்சுளை எல்லாவற்றையும் முகாம் சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

ஜிப்பை முக்கால்வாசி இழுத்துவிட்டு விடுவது இன்னொரு தவறு. கொசுவலை ஜிப், வெளித்துணி ஜிப் இரண்டையும் தரை மூலை வரை இழுத்து மூடுங்கள். மூலையில் விடும் இரண்டு விரல் இடைவெளி தேளுக்குப் போதும். பகலில் வெளியே போகும்போது இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள், இல்லையென்றால் குரங்கு இழுத்துத் திறந்துவிடும். செருப்பு, ஷூவை உள்ளே வைத்து, காலையில் உதறிப் போடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது, இரவில் வண்டி கிடைக்குமா என்பதை புக்கிங் செய்யும்போதே முகாமில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.