வைல்ட்கார்டு நூலகத்தின் நிரல்நடையைச் சீராக்குதல்

நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில், *, ? போன்ற வைல்ட்கார்டு குறிகள் கொண்ட வடிவத்தோடு கோப்புப் பெயர்களைப் பொருத்தும் வைல்ட்மேட்ச் நிரலை 1986-இல் ரிச் சால்ஸ் எழுதினார். பின்னர் அது வேய்ன் டேவிசனின் திருத்தங்களுடன், கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியில் இடம்பெற்று, அங்கிருந்து 2012-இல் கிட்டுக்கு வந்தது. அப்போது கோப்பை முதலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கிட்டின் நடைக்கு மாற்றும் வேலையைத் தனிக் கமிட்டாக (தனி மாற்றப் பதிவாக) செய்தார்கள். இந்த நிரலின் நடையைச் சீராக்கும்போது நீங்களும் அந்த வரிசையையே பின்பற்றுங்கள். நடைத் திருத்தமும் பிழைத் திருத்தமும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், பின்னாளில் பிழையின் மூலத்தைத் தேடுபவருக்கு எது எதற்காக மாறியது என்பதே விளங்காது.

கிட்டின் மரபுப்படி உள்தள்ளலுக்கு டேப் இட வேண்டும்; இஃப், வைல் போன்ற சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட வேண்டும்; சுட்டியின் நட்சத்திரக் குறி மாறியின் பெயரோடு ஒட்டி நிற்க வேண்டும். இவற்றில் சிக்கல் எதுவும் இல்லை.

கவனம் தேவைப்படும் இடம், வடிவத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏற்ற கிளையை (கேஸ்) தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் பகுதிதான்; எந்தக் கேஸிலும் சேராதவற்றுக்கான கிளை டிஃபால்ட். அங்கே பின்சாய்வுக் கோட்டுக்கான (\) கேஸ், அடுத்த எழுத்தை எடுத்துக்கொண்டு, கிளையை முடிக்கும் பிரேக் இல்லாமல் வேண்டுமென்றே கீழேயுள்ள டிஃபால்ட்டுக்குள் இறங்குகிறது. எழுத்துகளை ஒப்பிடுவது அந்த டிஃபால்ட்தான். அதற்கும் கீழே கேள்விக்குறிக்கான கேஸ் இருக்கிறது. டிஃபால்ட் கடைசியில் இருப்பதே அழகு என்று அதை நகர்த்தினால், பின்சாய்வுக் கோடு கேள்விக்குறியின் கிளைக்குள் இறங்கிவிடும். நட்சத்திரக் குறியை மட்டும் ஏற்க வேண்டிய \* என்ற வடிவம், கிட்டத்தட்ட எந்த ஓர் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். கம்பைலர் இதைப் பிழையென்று சொல்லாது. ஆகவே வரிசையைத் தொடாமல், இறக்கம் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்னும் குறிப்பையும் காப்பாற்றுங்கள்.

அடுத்தடுத்து வரும் நட்சத்திரக் குறிகளைத் தாண்டிச் செல்லும் வைல் சுழற்சியின் உடல் வெறும் {} மட்டுமே. தேவையற்ற அடைப்புகளை நீக்கும் வேகத்தில் அதையும் எடுத்துவிட்டால், அடுத்த கூற்று சுழற்சிக்குள் போய்விடும்.

வேலை முடிந்ததும், இடைவெளி வேறுபாடுகளைப் புறக்கணித்து டிஃப் (பழைய, புதிய கோப்புகளின் வேறுபாட்டுப் பட்டியல்) பார்த்து, எஞ்சும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகு பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பிழைநீக்கத் தகவல் இல்லாமல், ஒரே அமைப்புகளுடன் கம்பைல் செய்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைலர் உருவாக்கும் இயந்திர மொழிக் கோப்புகளை) பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வரி எண்ணைப் பயன்படுத்தும் மேக்ரோக்கள் இல்லாத நிரலில், இடைவெளியை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சோதனைத் தொகுப்பைவிட இதையே நான் முதலில் நம்புவேன், ஏனெனில் எவரும் எழுத மறந்த சோதனைக்குரிய இடத்தையும் இது காட்டிவிடும்.