கேக்கில் சர்க்கரையைக் குறைப்பது: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

சர்க்கரையைப் பாதியாக்கி, மைதாவைத் தூக்கிப்போட்டு, வெண்ணெயையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் ஓவனிலிருந்து வருவது கேக் அல்ல, செங்கல். ஆளுக்கு ஒரு வாய் கடித்துவிட்டு ஒதுக்கிவிடுவார்கள், மறுநாள் பாக்கெட் பிஸ்கட் திரும்ப மேசைக்கு வரும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் எது காரியத்தைக் கெடுத்தது என்று பிடிபடும்.

முதலில் சர்க்கரை. கேக்கில் அதற்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மாவின் பசைத்தன்மை இறுகாமல் தடுத்து மென்மை தருகிறது. மேல்தோல் பொன்னிறமாவதற்கும் அதுதான் காரணம். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அதன் துகள்கள்தான் காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. எனவே பெரும்பாலான கேக், மஃபின் செய்முறைகளில் கால் பங்கைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் சற்று வெளிறும். பாதியாக்கினால் வறண்டு கெட்டியாகும். அந்த இடத்தை வேறு ஒரு ஈரமான பொருள் நிரப்பியாக வேண்டும். குக்கீஸில் இன்னும் கவனம் தேவை. சர்க்கரை குறைந்தால் மாவு தட்டில் பரவாது, உருண்டையாகவே நின்று பன் போல வெந்துவிடும். தட்டில் வைத்ததும் கரண்டியின் பின்புறத்தால் தட்டையாக அழுத்திவிடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இருக்கும் சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது அந்தக் கணக்கில் வராது. நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன். குழந்தைகளுக்கு அளவு இன்னும் சின்னது. தேன் சேர்ப்பதானால் சுவைக்காகச் சேருங்கள், சீக்கிரம் கருகும் என்பதால் ஓவன் சூட்டை 10 டிகிரி குறையுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த வடிவத்திலும் தேன் கூடாது. செயற்கை இனிப்பூட்டியும் தீர்வாகாது: அதில் சர்க்கரையின் பருமனும் இல்லை, பொன்னிறமும் இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று 2023-இல் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது.

கை வைக்கச் சிறந்த இடம் மேல்பூச்சு. வெண்ணெய் ஐசிங் என்றால் 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரை என்பதுதான் வழக்கமான கணக்கு. உள்ளே இருக்கும் கேக்கில் மாங்குமாங்கென்று 50 கிராம் குறைத்துவிட்டு மேலே அரைக் கிலோ பூசுவதில் என்ன பயன்? 20 செ.மீ. கேக்குக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஐசிங் சர்க்கரையைச் சல்லடையில் தூவினாலே போதும். அது 8 கிராம்தான். சாக்லேட்டிலும் இதே தந்திரம் உண்டு. 100 கிராம் சாக்லேட் சிப்ஸ் உள்ளே போய் ஒளிந்துகொள்வதைவிட, கத்தியால் பொடியாக நறுக்கிய 40 கிராம் கருஞ்சாக்லேட்டைப் பாதி உள்ளேயும் பாதி மேலேயும் போட்டால் ஒவ்வொரு கடியிலும் கிடைக்கும்.

இத்தனையும் ஒரே செய்முறையில் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு வாழைப்பழ மஃபின். 12 எண்ணத்துக்கு:

கோதுமை மாவு 125 கிராம், மைதா 125 கிராம், தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் மசித்தது 300 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், முட்டை 2, எண்ணெய் 60 மி.லி., சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், வனிலா ஒரு டீஸ்பூன்.

கோதுமை மாவை மட்டும் பழம், தயிரோடு கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கோதுமைத் தவிடு நீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறாவிட்டால் வெந்தபிறகும் நாக்கில் மணல் போல நெருடும். சோடாவை இப்போது சேர்க்கக் கூடாது. தயிரின் புளிப்பு பட்டதுமே அது நுரைக்கத் தொடங்கும், கால் மணி நேரத்தில் உப்புவதற்கு வேண்டிய வாயு பாதி போய்விடும். ஊறியதும் முட்டை, எண்ணெய், சர்க்கரை, வனிலாவை அடித்து ஊற்றுங்கள். மைதாவோடு மீதி உலர்பொருட்கள் அனைத்தையும் சேர்த்துச் சலித்து, கடைசியாகக் கொட்டுங்கள். கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். அங்கங்கே மாவுக்கோடு தெரிந்தால் பரவாயில்லை. வழுவழுப்பாகும்வரை அடித்தால் மஃபின் ரப்பர் போல இழுபடும், உள்ளே நீள நீளப் பொந்து விழும்.

காகிதக் கப்பில் முக்கால் அளவு நிரப்பி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 22 நிமிடம். குச்சி செருகினால் ஈரமான துகள் ஒன்றிரண்டு ஒட்டிவரலாம், பச்சை மாவு ஒட்டக் கூடாது. சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் சூடு ஆறியதும் வறண்டிருக்கும்.

ஒரு மஃபினில் சேர்த்த சர்க்கரை சுமார் 8 கிராம். இதே அளவு மஃபினுக்கு 200 கிராம் சர்க்கரை போடும் செய்முறையில் அது கிட்டத்தட்ட 17. குறைந்த இனிப்பைப் பழமும் பட்டையும் வனிலாவும் தூக்கிக்கொடுக்கின்றன. பழம் கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், மஞ்சளாக மட்டும் இருக்கும் பழத்தில் இந்த இனிப்பு வராது. எண்ணெயைப் பாதிக்குமேல் குறைக்கவும் முயலாதீர்கள். மாவைக் கெட்டிப்படாமல் காப்பது அதுதான், தயிர் அதில் பாதி வேலையைத்தான் செய்யும்.

குளிர்ந்த பண்டத்துக்குக் கணக்கு வேறு. நாக்கு குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும். சர்க்கரை குறைந்தால் பனிக்கட்டியும் இரும்பாக இறுகும். 300 கிராம் பழக்கூழுக்கு 150 கிராம் கொழுப்பு நீக்காத தயிர் சேர்த்து அச்சில் ஊற்றுங்கள். கொழுப்பு இறுக்கத்தைத் தளர்த்தும். ஊற்றுமுன் ருசி பாருங்கள். அறைச்சூட்டில் கொஞ்சம் தூக்கலாக இனித்தால்தான் உறைந்தபின் சரியாக இருக்கும்.

செய்முறை பாதிதான், பரிமாறுவது மீதி. "காய் சாப்பிட்டால்தான் கேக்" என்றால் காய் தண்டனையாகிறது, கேக் பரிசாகிறது. ஆளுக்கு ஒரு துண்டைச் சாப்பாட்டோடு சேர்த்தே வையுங்கள், எதை முதலில் தின்பது என்பது அவரவர் பாடு. அடியோடு தடைசெய்தாலோ, கிடைக்கும் இடத்தில் அள்ளித் தின்னும் ஆசைதான் வளரும். "இது சர்க்கரை கம்மி, உடம்புக்கு நல்லது" என்று அறிவிக்கவும் வேண்டாம். அறிவித்தால் ருசி குறைந்ததாகவே படும்.

பிறந்தநாள் கேக்கை அப்படியே விட்டுவிடலாம். வருஷத்துக்கு ஒருநாள் வெட்டும் கேக்கில் கோதுமை மாவைத் திணித்து என்ன ஆகப்போகிறது? வாரத்தில் மூன்று நாள் டப்பாவிலிருந்து எடுக்கும் பண்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அந்த டப்பா விஷயத்தில் ஒன்று: சர்க்கரை குறைந்த பண்டம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், ஏனென்றால் நீரைக் கட்டிவைக்கச் சர்க்கரை போதாது. மஃபின் வெளியே இரண்டு நாள்தான் தாங்கும். மீதியை ஆறியதும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது 150 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள்.